கரட்டின் மேல் தாம்பாளம்

ராசிபுரம் பக்கத்தில், கரடு என்று சொல்லும் சிறு குன்றின் மேலிருந்த வெள்ளைக்காரன் காலத்துச் சைகைக் கோபுரத்தை, எழுபத்தொன்பதில் பழஞ்சின்னம் என்று அறிவித்து வேலி போட்டார்கள். சேலம் டவுன்காரன் பாக்கியநாதனான என்னைக் காவலுக்கு வைத்தார்கள். துணைக்கு ஒரு பூட்டும் ஒரு பலகையும். கரட்டுக்குக் கரடு கொடியசைத்துச் சேதி அனுப்பிய கோபுரம், நூறு வருஷத்துக்கும் மேலாகச் சும்மா கிடக்கிறது என்றது பலகை. நானும் நம்பினேன். வெயில் ஏறினால் கீழே கடலைக் காடுகள் தண்ணீராய் அலையும். அதைப் பார்த்தபடி அரைத் தூக்கத்திலேயே சம்பளம் வாங்கினேன்.

அமாவாசையன்று ஏர் பூட்டாத ஊர். அந்த நாளில் காளியாத்தாள் என்ற பெண், புளி போட்டுத் துலக்கிய பித்தளைத் தாம்பாளத்தோடு வந்து, மேலே விடச் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். விரட்டிவிட்டேன். அடுத்த அமாவாசைக்கும் வந்தாள். மூன்றாவது முறைதான் எதற்கென்று கேட்டேன்.

ஆறு மைல் தள்ளி, இதே போல இடிந்த கோபுரம் நிற்கும் கரட்டடியில் அவள் அக்கா ஆத்தாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு கல்யாணப் பந்தியில் மூண்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அற்றுப் பதினோரு வருஷம். அமாவாசைதோறும் இவள் இங்கிருந்து தாம்பாளத்தை மூன்று முறை வெயிலில் மின்ன வைப்பாள். அவள் அங்கிருந்து மூன்று முறை. உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

“எங்கக்கா இன்னேரம் அங்க நிக்கும் சாமி. நா இருக்கறனா இல்லியான்னு தவிச்சுப் போயிருமுங்க.”

மனசு இளகிவிட்டது. ஆனால் அவளை ஏற்றினால் என் வேலை போகும். காவல்காரன் ஏறத் தடையில்லையே என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நானே ஏறினேன். தூரத்துக் கரடு நீலமாக, கனவில் பார்ப்பது போலத் தெரிந்தது. ஜெபத்துக்குப் பழகிய கை என்னுடையது. மூன்று முறை என்பதை மறந்து, மேலே, கீழே, இடம், வலம் என்று தாம்பாளத்தால் சிலுவை போட்டுவிட்டேன். எதிரே ஒன்றும் மின்னவில்லை. மறுபடி போட்டேன். அப்போதும் இல்லை.

இறங்கி வந்து சொன்னதும் காளியாத்தாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை.

வெயில் தாழ்ந்தபோது கடலைக் காட்டுக்குள் ஒருத்தி தலைவிரி கோலமாக, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கரட்டேறி, தங்கையைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

“ரெண்டு அமாவாசையாக் காணோம். இன்னிக்கு மின்னுனது வேற கை. நீ போயிட்டீன்னு எழவுக்கு வந்தன் கண்ணு.”

இழவுக்கு என்றதும் வீட்டில் ஒருவரும் மறிக்கவில்லையாம். சொல்லிக்கொண்டே தங்கையின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு, இழவு வீட்டில் அழுவது போலவே இருவரும் அழுதார்கள்.