சுயேச்சைக்கு விழுந்த ஓட்டு

ஐப்பசி மழையில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போன மறுநாள் செவ்வந்திக்கு வலி கண்டது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருந்த அந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் வர வழியில்லை; அண்ணன் வாடகைக்கு ஓட்டும் ஜீப்பும் ஓடையைத் தாண்டாது. போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஆறு பேர் மாறி மாறிச் சுமந்தார்கள். அவளுடைய அண்ணன் விஜயராகவன் தோள் மாற்றிக்கொண்ட இடைவெளியில் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். பாலத்தை உயர்த்திக் கட்டச் சொல்லிக் கொடுத்த மூன்று மனுக்களுக்கும் பதில் வந்திருக்கவில்லை. இதையாவது பார்க்கட்டும் என்று நினைத்தான். ஓடையைத் தாண்டி மேடு ஏறும்போது செவ்வந்தி முனகுவதை நிறுத்தியிருந்தாள். குழந்தையும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு அந்தப் படத்தைத் தன் பேஸ்புக் பக்கத்தில் போட்டான். கடுக்காய் விலை, பஸ் நேரம், ரேஷன் வந்த தகவல் என்று மலைக்காரர்களுக்காக அவன் நடத்திவந்த சின்னப் பக்கம் அது. இரண்டே நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். அதிகாரிகள் வந்து ஓடையை அளந்தார்கள். ஐந்தாம் நாள் படம் இல்லை. ஆறாம் நாள் பக்கமே இல்லை. சட்டப்படி வந்த கோரிக்கையின் பேரில் முடக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. வதந்தி பரவுகிறது என்று சொல்லி ஒரு வாரம் மலை முழுக்க இணையத்தையும் நிறுத்தினார்கள். அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இதைச் செய்தது அவனுடைய கட்சியின் ஆட்சி. அவன் அப்பா கட்சிக்கொடி போர்த்தித்தான் அடக்கமானார். சாமையும் மரவள்ளியும் விளைகிற அவர்களுடைய மூன்று ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது அந்தக் கட்சியால்தான். தாய்மாமன் கருப்பண்ணன், கிளைச் செயலாளர், எட்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஊருக்கே பட்டா வாங்கிக் கொடுத்திருந்தார்.

சித்திரையில் தேர்தல் வந்தது. இணையத்தில் வருகிற எதையும் ஒரு மணி நேரத்தில் நீக்க மாவட்ட அதிகாரிக்கே அதிகாரம் தருவோம் என்று கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்தது. பொய்ச் செய்தியை ஒழிக்க என்று காரணம் போட்டிருந்தார்கள். எதிர்க்கட்சி வேட்பாளர் கல்குவாரி முதலாளி. காட்டு நிலத்துப் பட்டாக்களையெல்லாம் மறுபடி சரிபார்ப்பேன் என்று வெளிப்படையாகவே பேசினார். சரிபார்ப்பது என்றால் என்னவென்று மலையில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதாக வக்கீல் பெரியநாயகி சுயேச்சையாக நின்றார். படத்தை முடக்கியதை எதிர்த்து விஜயராகவனுக்காக வழக்குப் போட்டவர். முடக்கிய பக்கங்களைத் திறக்க வேண்டும் என்று நோட்டீசில் அச்சடித்திருந்தார். அவர் ஜெயிக்க மாட்டார் என்று அவருக்கே தெரியும்.

போன முறை கட்சி முந்நூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்திருந்தது. அந்த எண் விஜயராகவனின் மண்டையிலேயே இருந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி பவானியிடம் சொன்னான்.

“நமக்கு வேற வழி இல்ல. வக்கீலம்மாவுக்குப் போட்டா அது குவாரிக்காரனுக்குப் போட்ட மாதிரி. நெலம் போயிடும்.”

“நெலம் போவக்கூடாதுதான்” என்றாள் பவானி.

“நம்ம கட்சி பண்ணது தப்புதான். ஆனா குவாரிக்காரன் வந்தான்னா இன்னும் ஜாஸ்தி பண்ணுவான்.”

பவானி மடையை அடைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவினாள். செவ்வந்தியைக் குளிப்பாட்டி அனுப்பியது அவள்தான். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்ததால், ஊர் நடப்பு பற்றி வெளியே வாய் திறக்காத பழக்கமும் அவளுக்கு இருந்தது.

மறுநாள் விஜயராகவன் தன் ஜீப்பில் வயதானவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டுத் தானும் வரிசையில் நின்றான். கட்சிச் சின்னத்துக்கு எதிரே இருந்த பட்டனை அழுத்தினான். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த ஏழு நொடியும் தலையைத் திருப்பிக்கொண்டான். தங்கச்சியைத் தானே இன்னொரு தடவை புதைத்துவிட்டது போல இருந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தான். வயதானவர்களைத் திரும்ப ஜீப்பில் ஏற்றினான்.

கட்சி நூற்று எண்பத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. தன் கணக்கு சரிதான் என்பதில் அவனுக்கு ஒருவித ஆறுதல்கூட இருந்தது. அது நான்கு நாள்தான்.

ஓட்டு எண்ணும் இடத்தில் கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த கருப்பண்ணன், சாவடி வாரியாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர்கள் ஊர்ச் சாவடியில் கட்சிக்கு இருநூற்று எழுபத்தொன்று. குவாரிக்காரருக்கு அறுபத்து நான்கு. வக்கீல் பெரியநாயகிக்கு ஒன்று.

அந்த ஒன்று யாருடையது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை; விஜயராகவனுக்காக வழக்குப் போட்டவருக்கு வேறு யார் போடுவார்கள். வெள்ளிமலை ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவன் ஜீப்பை வரிசையில் விடவில்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. கீழேயிருந்து இரண்டு கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கருப்பண்ணன் அவன் வீட்டுக்கு வந்தார். கூட வந்தவர்களில் ஒருவன், துரோகிக்கு மலையில் என்ன வேலை என்று கேட்டான். கட்சிக்குத்தான் போட்டேன் என்று விஜயராகவன் சொல்லியிருக்கலாம். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வாசல்படியில் நின்ற பவானியைத் திரும்பிப் பார்க்காமல் வாயை மூடிக்கொண்டான்.

பவானி முன்னால் வந்தாள். “அது நான் போட்டது, பெரிப்பா. அவரு கட்சிக்குத்தான் போட்டாரு.”

“புருசனுக்காவ பழிய ஏத்துக்காத, போ உள்ள” என்றார் கருப்பண்ணன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஜீப் இனி ஆள் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் கருப்பண்ணன் தனியாகத் திரும்பி வந்தார். விஜயராகவன் துடைத்துக்கொண்டிருந்த ஜீப்பின் மறுபக்கம் குந்தி உட்கார்ந்தார்.

“யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதாடா. உம்பேருன்னா ஜீப்போட போவும். அவ பேருன்னா அங்கன்வாடி வேலை போவும். எத நான் காப்பாத்தறது?”

விஜயராகவன் துணியைப் பிழிந்து பானட்டில் போட்டான். கிழவர் எழுந்துகொள்ளவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“அந்தப் படத்த எடுக்கச் சொல்லிப் போன மனு. கட்சியில ஊர்க்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணும்னாங்க. எழுதியே எடுத்தாந்துட்டாங்க. நாந்தான் போட்டேன்.”

“அவ உன் தங்கச்சி மவ, மாமா.”

“பக்கத்து ஊருங்களோட பட்டா, ரெண்டாவது லிஸ்டு, அப்ப கையெழுத்துக்காக ஆபீசர் டேபிள் மேல இருந்துது. நாப்பது குடும்பம். நானும் கணக்குத்தான் போட்டேன், நீ போட்ட மாதிரி.”

அடிக்க வேண்டும் என்று விஜயராகவனுக்குக் கை எழுந்தது. எந்த இடத்தில் அடிப்பது என்று தெரியவில்லை. அவர் போட்ட கணக்கும் தான் போட்ட கணக்கும் எங்கே வேறுபடுகிறது என்று தேடிப் பார்த்தான். அதுவும் தெரியவில்லை. கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

பவானியிடம் அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. தன்னிடம் சொல்லாமல் ஏன் அப்படி ஓட்டுப் போட்டாள் என்று அவன் கேட்டான். “சொல்லியிருந்தா நீங்க நியாயம் சொல்லுவீங்க. நான் கேட்டுப்பேன். அதான் சொல்லல” என்றாள்.

சட்டசபையின் முதல் கூட்டத்தொடரிலேயே, எதையும் ஒரு மணி நேரத்தில் நீக்கும் அந்தச் சட்டம் நிறைவேறியது. பெரியநாயகி போட்ட வழக்கு, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று தள்ளுபடியானது. ஆனி மாதம் விஜயராகவன் ஜீப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போகும் ஆட்களோடு பஸ் ஏறினான். பவானி அங்கன்வாடி வேலையை விட முடியாமல் தங்கிவிட்டாள். பட்டா பத்திரமாக டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்த ஆண்டு அந்த மூன்று ஏக்கரில் யாரும் சாமை விதைக்கவில்லை.