மூன்று வருட வேருக்கு ஒரு வருடப் பாத்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. பக்கத்துப் பாத்தியிலிருந்து எடுத்தது. கேட்டு எடுக்கவும் இல்லை.

நவம்பர் முதல் வாரத்தில் பத்திரிகை ஆசிரியை மா கியூ-ரி ஃபோன் செய்தாள். "செடி, கொடி, தோட்டம்னு அவசரமே இல்லாத வாழ்க்கையைப் பத்தி ஒரு கதை வேணும். ரொம்ப அவசரம்" என்றாள். தான் சொன்னதில் இருந்த கோளாறு அவளுக்கு உறைக்கவே இல்லை. "படிக்கிறவங்க அப்படியே பெருமூச்சு விடணும். மாசக் கடைசிக்குள்ள குடுத்துடுங்க."

பெருமூச்சு நான்தான் விட்டேன். தென்கொரியாவில், சியோல் நகரத்தின் ஓரத்தில் வார்டு அலுவலகம் குலுக்கல் முறையில் விடும் தோட்டத்தில் எனக்கும் ஒரு பாத்தி உண்டு. ஒரு ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்கலாம், புரண்டால் அடுத்தவர் செடிமேல் போய் விழவேண்டும். அடுத்தவர் என்றால் இன்-சுக் அக்கா. சரி, இவளைப் போட்டு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

[முதல் தொடக்கம்] காலைப் பனி விலகாத வேளையில், இன்-சுக் ஈர மண்ணை இரு கைகளாலும் அள்ளி முகர்ந்து

இல்லை. அக்கா மண்ணை முகர்ந்ததே கிடையாது. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் பாத்தியில் கால் வைப்பாள்.

[இரண்டாவது] நகரத்தின் இரைச்சலிலிருந்து தப்பி வந்த

எங்கே தப்பி வந்தாள்? வேலிக்கு அந்தப் பக்கம் சுற்றுச்சாலை. பேருந்து போனால் மிளகாய்ச் செடி ஆடுகிறது.

[மூன்றாவது] மெதுவாக,

இந்தக் கால்புள்ளியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மெதுவாக என்ன? யார் மெதுவாக? போதுமடா சாமி.

[நான்காவது] தோ இன்-சுக், வயது ஐம்பத்து நான்கு, மூன்று வருடத்தில் விளையும் வேரை ஒரு வருடத்தில் காலி செய்யவேண்டிய பாத்தியில் விதைத்தாள்.

இது நிற்கும்.

3

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மார்ச்சில் பாத்தி கைக்கு வரும். நவம்பர் முப்பதாம் தேதி வெறும் மண்ணாகத் திருப்பித் தரவேண்டும். மறுநாள் காலை டிராக்டர் வந்து கீழ்த்தோட்டம் முழுவதையும் உழுதுவிடும். ஆகவே எல்லோரும் வசந்தத்தில் கீரை, கோடையில் மிளகாய், ஆகஸ்ட் பாதியில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸும் முள்ளங்கியும் என்று போடுவார்கள். இன்-சுக் ஒருத்திதான் பாத்தி நிறையத் தொராஜி விதைத்தாள். ஊதாப் பூ பூக்கும், வேரைத் தோலுரித்து, கிழித்து, உப்புப் போட்டுப் பிசைந்து கசப்பு எடுத்தால் தின்னலாம். ஆனால் மூன்றாவது வருடம்தான் அது வேர் என்று சொல்லும்படி இருக்கும்.

தோட்டக் காவலர் யோம் அண்ணன் அன்றே வந்து நின்றார்.

"ஏம்மா, இது மூணு வருஷப் பயிரு. உன் கையில இருக்கிறது ஒன்பது மாசப் பாத்தி. கணக்கு வராதே?"

"அடுத்த வருஷமும் குலுக்கல்ல விழும்ணே."

"விழாட்டி?"

"விழும்ணே."

விழுந்தது. ஆனால் வேறு பாத்தி. அவள் கவலைப்படவில்லை. ஒரு வேர் அறுபடாமல் நாற்பத்து மூன்றையும் தோண்டி, ஈரக் காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, வீட்டு மொட்டைமாடிப் பெட்டி மணலில் குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, மார்ச்சில் என் பக்கத்துப் பாத்தியில் நட்டாள். இருபத்திரண்டு வருடம் பார்சல் கம்பெனியில் வேலை பார்த்த கை அது. ராத்திரி பன்னிரண்டுக்குள் கேட்ட பொருள் விடிவதற்குள் வாசலில் இருக்கவேண்டும் என்கிற பிரிவு.

ஒருநாள் களை பிடுங்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில, நாளைக்குக் காலையிலன்னு ஊருக்கே வாக்குக் குடுத்து என் முட்டி போச்சு. எனக்குன்னு ஒரே ஒரு சாமான், மூணு வருஷம் காத்திருந்து வாங்கணும். அவ்ளோதான் ஆசை. பெருசா கேட்டுட்டேனா?"

(இந்த வசனத்தை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மற்றதற்கெல்லாம் அப்படி உறுதி தரமாட்டேன்.)

4

இப்போது என் எரிச்சலைச் சொல்லவேண்டும். இவள் கதாபாத்திரமாகத் தேறமாட்டாள்.

மெதுவாக வாழ்கிறவள் என்றால் பார்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மேகத்தைப் பார்க்கவேண்டாமா? இவளுடைய கைப்பேசியில் பதினோரு அலாரம். தண்ணீர் ஊற்ற ஒன்று, புழு பார்க்க ஒன்று. சாயங்காலம் நாலு மணிக்கு அடிப்பதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'சும்மா உட்கார்'. அடித்ததும் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்காருவாள். கால்மணி கழித்து மறுபடி அடிக்கும். எழுந்துவிடுவாள்.

"அக்கா, இது உங்களுக்கே சிரிப்பா இல்ல?"

"பழக்கமில்லாத வேலைய மணி பார்க்காம எப்படிப் பழகுறது? நீ மட்டும் என்ன, செடியப் பார்க்க வர்றேன்னு வந்து ஃபோனைத்தானே பார்த்துக்கிட்டு நிக்கிற, எழுத்தாளரம்மா."

அலாரத்தைக் கதையிலிருந்து எடுத்தேன். எடுத்தபின் அவள் விளம்பரத்தில் வரும் பெண்மணி மாதிரி ஆகிவிட்டாள். திரும்பச் சேர்த்தேன். இதற்கே நான்கு நாள் போயிற்று.

5

நவம்பர் இருபதாம் தேதி குலுக்கல் முடிவு எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது. எனக்கு மேல்தோட்டத்தில் பாத்தி. அங்கே பாத்தி உடனே கைக்கு வரும், குளிர்காலப் பூண்டு போடலாம், டிராக்டர் ஏறாது. அக்காவுக்கு ஒன்றும் விழவில்லை.

அவள் மூன்று தடவை அந்தச் செய்தியைப் படித்தாள். பிறகு கையுறையைக் கழற்றினாள். இந்த இரண்டு வருடத்தில் பாத்தியில் நின்று அவள் கையுறையைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"மறுபடி மாடிப் பெட்டியில வைங்களேன், அக்கா."

"மொட்டைமாடியப் பூட்டிட்டாங்க. தண்ணி ஒழுகுதாம். வீட்டுக்குள்ள சூட்டுல வெச்சா முளை கிளம்பி அழுகிடும்." கையுறை இரண்டையும் மடித்து வைத்தாள். "உன் மேல் பாத்தியில ஒரு வரிசை குடு. ஒரே ஒரு வரிசை. ஒரு வருஷம்."

"யோசிச்சுச் சொல்றேன், அக்கா."

அடுத்தவர் பயிரை நம் பாத்தியில் ஒளித்து வைத்துப் பிடிபட்டால் மூன்று வருடம் குலுக்கலில் பெயர் சேர்க்கமாட்டார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குக் கதைக்கு முடிவு கிடைத்துவிட்டிருந்தது.

6

முடிவு அ: டிராக்டர் வருகிறது. நாற்பத்து மூன்று வேரும் மண்ணோடு மண்ணாகின்றன. இன்-சுக் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறாள்.

முடிவு ஆ: இரண்டு வருட வேரையே தோண்டி, பிசைந்து, தோட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் பரிமாறுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். (பொய். பச்சைப் பொய். அக்கா ஒரு விதைகூட யாருக்கும் கொடுத்ததில்லை.)

முடிவு இ: பெரிய தொட்டி வாங்கி, பதினான்காவது மாடி பால்கனியில் வைக்கிறாள். வேர் அடியில் முட்டிச் சுருண்டு

விட்டேன். 'அ'தான் சரி. உட்கார்ந்து எழுதினேன். நன்றாக வேறு வந்துவிட்டது. கியூ-ரிக்கு இரண்டு வரி அனுப்பினேன். "அழுதுட்டேன்" என்று பதில் போட்டாள். ஒன்பது நாள் ஓடிவிட்டது. அக்காவுக்குப் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

7

இருபத்தொன்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உதவி செய்யவா? இல்லை, டிராக்டர் எந்தப் பக்கமாக நுழையும் என்று குறித்துக்கொள்ள. என்னைத் திட்ட வார்த்தை தேடாதீர்கள், நானே நிறையத் தேடிவிட்டேன்.

அக்கா வாளியில் உட்கார்ந்திருந்தாள். நோட்டைப் பார்த்தாள்.

"என்னைப் பத்தியா?"

"ம்."

"அதுல டிராக்டர் விட்டுட்டியா?"

"...ஆமா, அக்கா."

"எத்தனை நாள் முன்னாடி?"

"ஒரு வாரம் இருக்கும்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "கதையில உழுதது உழுததாவே இருக்கட்டும். நிஜத்துல எனக்கு ஒரு வரிசை குடு. உண்டு, இல்லைன்னு இப்பவே சொல்லு. நாளைக்குப் பாத்திய ஒப்படைக்கணும், ரெண்டு மணி நேரத்துல இருட்டிடும்."

"உண்டு" என்றேன். இதை ஒன்பது நாள் முன்பு சொல்ல எனக்கு என்ன வந்தது?

அதற்குப்பின் நடந்ததில் அவசரமில்லாத வாழ்க்கை என்று ஒரு மண்ணும் இல்லை. மேல்மண் உறைந்து இறுகியிருந்தது. அக்கா ஒரு ஓரத்திலிருந்து தோண்ட, நான் மறு ஓரத்திலிருந்து இரும்புப் பல் வைத்த கவைக்கோலை இறக்கினேன். 'டக்' என்றது. வேர் பாதியில் முறிந்து வந்தது. அடுத்தது. அதுவும்.

"அடிப்பாவி! வேர் எடுக்கச் சொன்னா கிணறு வெட்டுறியா? தள்ளி நின்னு குத்து!"

தள்ளி நின்று குத்தினேன். அப்படியும் பதினொன்றை முறித்தேன். அவள் முறித்தது இரண்டு. முறிந்ததை அவள் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு துண்டையும் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். மிச்சம் முப்பதைக் கொண்டுபோய் மேல்தோட்டத்தில் பூண்டு வரிசைகளுக்கு நடுவில் சாய்த்துப் புதைத்துக்கொண்டிருந்தபோது யோம் அண்ணன் வந்துவிட்டார்.

"என்ன போடுறீங்க?"

"பூண்டுண்ணே" என்றாள் அக்கா, நிமிராமல்.

அவர் அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். "ஒரு சாண் நீளப் பூண்டா?"

அவர் வேலிப் பக்கம் போய், கட்டி வைத்திருந்த வைக்கோலில் ஒரு கட்டைத் தூக்கிவந்து போட்டார். "பூண்டுக்குக் குளிர் ஆகாது. கனமா மூடுங்க. நான் இந்தப் பக்கம் வரவே இல்ல."

8

இது ஜனவரி. கெடு தாண்டி இரண்டு மாதம் ஆகப்போகிறது. 'அ' முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டதில் கியூ-ரிக்கு என்மேல் கொலைவெறி.

"சரி, பிழைச்சுதா இல்லியா? ஒரு வரி எழுதுங்க, அனுப்பிடலாம்."

"தெரியாது."

"நீங்கதானே எழுதுறீங்க! உங்களுக்குத் தெரியாதுன்னா?"

தெரியாதுதான். தொராஜி குளிர்காலத்தில் தண்டு, இலை எதுவும் இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கும். உயிரோடு இருப்பதும் செத்ததும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுதான். அவற்றின் தலைமுளை என் கவைக்கோலில் அடிபட்டதா, ஒன்பது நாள் தாமதத்தில் உறைபனி ஏறியதா, தோண்டினால்தான் தெரியும். இந்த உறைபனியில் தோண்டினால் பிழைக்காது.

ஆனாலும் கை சும்மா இருக்கிறதா? நேற்றுக் காலை யாருக்கும் சொல்லாமல் மேல்தோட்டத்துக்குப் போனேன். ஒரே ஒரு வேர், ஓரத்தில் இருப்பது, நுனியை மட்டும் பார்த்தால் என்ன? ஒரு வரிக்குத்தானே? குந்தி உட்கார்ந்து வைக்கோலை விலக்கினேன். கையிலிருந்த சின்னக் களைக்கொத்து மண்ணைத் தொட்டது.

"எழுத்தாளரம்மா."

பாத்தி இல்லாதவள், வேலிக்கு வெளியே, சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ, எத்தனை நாளாக வந்து நிற்கிறாளோ, மூக்கு நுனி சிவந்திருந்தது.

"கையை எடு."

எடுத்துவிட்டேன். வைக்கோலை இழுத்து மூடிவிட்டு எழுந்தேன்.

கடைசிப் பத்தியைப் புரட்டி என்ன ஆயிற்று என்று தேடுகிறீர்களே, நீங்களும்தான். கையை எடுங்கள்.