வல்லரசுக்கு வந்த வரன்

ஹவில்தார் விஜயபாண்டி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் ரகசியம் காப்பதை மட்டும் விடவில்லை. மருந்துக்கடையில் போன் நம்பர் கேட்டால், "காய்ச்சல் எனக்கா, என் போனுக்கா?" என்று திருப்பிக் கேட்பார். ஜவுளிக்கடையில் பிறந்தநாளைக் கேட்டார்கள் என்பதற்காக, எடுத்த வேட்டியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தவர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு, மனைவி பாண்டிசெல்வியின் பிடிவாதத்தால் புது டிவி ஒன்று வந்தது. சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்டால் படம் வரவில்லை, கேள்விகள்தான் வந்தன. கணக்குத் தொடங்கினால்தான் டிவி ஓடுமாம். பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா, முகத்தைக் காட்டு என்று அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனது.

"நான் வாங்குன டிவிக்கு நான் ஏம்ட்டி பதில் சொல்லணும்?"

"என்னத்தையாவது சொல்லித் தொலைங்க. சீரியல் ஆரம்பிச்சிரும்."

விஜயபாண்டி வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய வெள்ளை வேட்டை நாய் வல்லரசு காலை நீட்டிப் படுத்திருந்தது. அவருக்கு யோசனை பிறந்துவிட்டது.

பெயர், வல்லரசு. பிறந்த தேதியைப் போட்டதும், பதினெட்டு வயது நிரம்பவில்லை என்று டிவி மறுத்தது. நாயின் ஒரு வருஷம் மனுஷனுக்கு ஏழு வருஷம் என்று எங்கோ கேட்டிருந்ததால், நாலு வயசை இருபத்தெட்டாக்கினார். பொய் சொல்வதில் அவருக்கு விருப்பம் கிடையாது. தொழில், பாதுகாப்புப் பணி. திருமணம், ஆகவில்லை. பொழுதுபோக்கு, ஓட்டம். வீடு, சொந்த வீடு. விலாசத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. நாய் வேறு வீட்டில் இல்லையே. நம்பருக்கு, பாண்டிசெல்வியின் பழைய போனில் கிடந்த சிம். புகைப்படத்துக்கு வல்லரசையே பிடித்து நிறுத்தினார். டிவி ஏற்றுக்கொண்டது.

மறுநாளே பழைய போன் அடிக்கத் தொடங்கியது. கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா, ஊட்டியில் மனை வேண்டுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"வல்லரசு சார் இருக்காங்களா?"

"இருக்காரு. எலும்பு கடிச்சுக்கிட்டு இருக்காரு, செத்த நேரம் கழிச்சுப் பேசுங்க," என்று பாண்டிசெல்வி சிரிக்காமல் பதில் சொல்லிவிடுவாள். எதிரியைத் தப்பான பாதையில் திருப்பிவிட்ட சந்தோஷத்தில் விஜயபாண்டி மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும், பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாளும் இறங்கினார்கள். கையில் பழத்தட்டு, பால்கோவா.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வாரோம். பேரு இசக்கிமுத்து. இவ என் வீட்டுக்காரி குருவம்மாள். வல்லரசு விஷயமா..."

விஜயபாண்டிக்குப் புரிந்துவிட்டது. நல்ல சாதி நாய் வைத்திருப்பவர்கள், தங்கள் பெட்டை நாய்க்கு ஜோடி தேடி வருவது அந்த ஊரில் புதிதில்லை. ஆனால் பட்டுச்சேலையும் பால்கோவாவுமாக வந்தவர்களை அவர் பார்த்ததில்லை. பெரிய மனசுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு உட்காரவைத்தார்.

"போட்டோவைப் பாக்கணும்னா தனியாக் கட்டணம்னு சொல்லிட்டாக அண்ணாச்சி. அதான் நேர்லயே பாத்துருவோம்னு வந்துட்டோம்," என்றார் இசக்கிமுத்து. "பழக்கவழக்கமெல்லாம் எப்படி?"

"தங்கம். ஒரு குறை சொல்ல ஏலாது. காலையில தோட்டத்து ரோட்டுல விட்டா காருக்குச் சமமா ஓடுவான்."

"ஆத்தாடி!" என்றாள் குருவம்மாள். "சாப்பாடு?"

"காலையில கேப்பைக் கஞ்சி, ராத்திரி முட்டை. வச்சதைச் சாப்பிடுவான். முகம் சுளிக்கமாட்டான்."

குருவம்மாள் கணவரைப் பெருமையோடு பார்த்தாள். இப்படிப்பட்ட மருமகன் எங்கே கிடைப்பான்?

"கெட்ட பழக்கம் ஏதாச்சும்..."

"மறைக்கக் கூடாதுல்ல. செருப்பக் கண்டா விடமாட்டான். அப்பப்ப தபால்காரரை விரட்டுவான்."

இசக்கிமுத்து கொஞ்சம் யோசித்தார். "கோவம் எல்லாருக்கும் உள்ளதுதானே," என்று சமாளித்தார்.

"உங்க பொண்ணு எப்படி?" என்றார் விஜயபாண்டி.

"எம் பொண்ணுங்கதுக்காகச் சொல்லலை. அம்புட்டு அமைதி. பி.காம். முடிச்சுட்டு பேங்க் பரிட்சை எழுதியிருக்கா."

விஜயபாண்டியின் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. ராணுவத்தில் வெடிகுண்டை மோப்பம் பிடிக்கும் நாய்களைப் பார்த்திருக்கிறார். பேங்க் பரிட்சை எழுதும் நாயைக் கேள்விப்பட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து பாண்டிசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வந்தவுக வல்லரசைத்தானே பாக்கணும்? ஏலே வல்லரசு, வாடா!"

வல்லரசு வாலை ஆட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்து, நேரே போய்ப் பழத்தட்டை முகர்ந்தது.

இசக்கிமுத்துவின் முகம் சிவந்தது. எழுந்து நின்றார். விஜயபாண்டி டிவியைக் காட்டி, நடந்ததையெல்லாம் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். முதலில் சிரித்தது குருவம்மாள்தான். சிரித்துச் சிரித்துப் பட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க ஏன் கோவப்படுதீக?" என்று கணவரைக் கேட்டாள். "நம்ம பொண்ணு விவரம் மட்டும் அந்தக் கல்யாணத் தகவல் கம்பெனிக்கு யாரு குடுத்தா? நாம குடுக்கலையே. போன்ல கூப்பிட்டு அவுகளே ஒப்பிச்சாகள்ல?"

இசக்கிமுத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஆண்களும் சேர்ந்து, விவரத்தை விற்ற டிவிக் கம்பெனியை வாயார வைதார்கள். வைது முடித்ததும் வல்லரசின் கணக்கை அழித்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. பெண்கள் இருவரும் அதற்குள் சீரியலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அழிப்பதற்கும் முகம் காட்ட வேண்டுமாம். விஜயபாண்டி பழைய போனைப் பிடித்தார், இசக்கிமுத்து நாயைப் பிடித்தார். கண்ணைச் சிமிட்டவும் என்றது போன். வல்லரசு சிமிட்டியது. தலையைத் திருப்பவும் என்றதும் இசக்கிமுத்து பால்கோவாவை இடப்பக்கம் நீட்டினார். புன்னகைக்கவும் என்றபோது வல்லரசு வாயை முழுசாகத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டது. 'சரிபார்க்கப்பட்டது. உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்.'

டிவி இருண்டது. சீரியலில் மாமியார் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த நேரம் அது.

"அய்யய்யோ! என்ன செஞ்சீக?" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

வேறு வழியில்லை. விஜயபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தப் பெயரைக் கொடுத்தார். முகத்தையும் காட்டினார். 'முகம் தெளிவாக இல்லை. தடையை அகற்றவும்' என்று வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் அதே பதில். தடை என்றது மீசையை என்று தெரிந்ததும், "நாயைச் சேத்துக்கிடுவான், என்னைச் சேக்கமாட்டானா?" என்று போனைச் சோபாவில் எறிந்தார்.

"இங்க கொண்டாங்க அண்ணாச்சி," என்று குருவம்மாள் தன் போனை எடுத்தாள். அவள் பெயர், அவள் நம்பர், அவள் முகம். மாமியார் உண்மையைச் சொல்லி முடிப்பதற்குள் டிவி திரும்ப ஓடத் தொடங்கியது.

அதிலிருந்து ராஜபாளையத்து டிவி ஸ்ரீவில்லிபுத்தூர் குருவம்மாள் பேரில்தான் ஓடுகிறது. அது அவ்வப்போது கணக்கை மறந்துபோய் ஓடிபி கேட்கும். பாண்டிசெல்வி போனைப் போடுவாள். ஓடிபி சொல்ல ஒரு நொடி, ஊர்க்கதைக்கு ஒரு மணி நேரம். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததையும் அப்படித்தான் சொன்னாள் குருவம்மாள். கல்யாணத்துக்கு வல்லரசையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

போன வாரம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், "மதினி, மத்தியானம் நீங்க தோட்டத்துக்குப் போயிருந்தீகளோ?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல யாரு என்ன பாத்தாகன்னு என் போனுக்குத்தான் வருது. அந்த மருமக வீட்டைவிட்டுப் போற காட்சி இருக்குல்ல, அதை அண்ணாச்சி நாலு தடவை திருப்பித் திருப்பிப் பாத்திருக்காக. பாவம், ரொம்ப எளகின மனசு போல."

பாண்டிசெல்வி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். சீரியல் பார்ப்பவர்களுக்கெல்லாம் மூளை கிடையாது என்று தினமும் சொல்லும் விஜயபாண்டி, செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.