புள்ளிச்செடிக்கு ஒரு மாப்பிள்ளை

நூற்றைம்பது வயது மணப்பெண் ஒருத்திக்கு நான் மாப்பிள்ளை தேடிக் கல்யாணம் முடித்து வைத்திருக்கிறேன். அவளுக்குக் குழந்தைகளும் பிறந்தாயிற்று.

நம்பமாட்டீர்கள், தெரியும். என் அக்காவும் நம்பவில்லை. அவள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடித் தகட்டில் வைத்து லென்ஸ் வழியே பார்த்தால்தான் அவளுக்கு எதுவும் உண்மை. நானோ பஸ் கண்டக்டராக இருந்தவன். மூச்சுவிட இடமில்லாத வண்டியில் "உள்ளே காலியா இருக்கு, முன்னாடி போங்க" என்று காலமெல்லாம் கூவிய வாய் இது. உண்மைக்கும் அதற்கும் எப்போதுமே தூரத்து உறவுதான்.

மணப்பெண் எங்கள் வீட்டு கேட் ஓரமாக நின்றாள். புள்ளிச்செடி. பச்சை இலையில் யாரோ மஞ்சள் பெயின்ட் பிரஷ்ஷை உதறிவிட்டுப் போனது மாதிரி இருக்கும். ஊரில் பாதி வீட்டு வாசலில் அது உண்டு. யாரும் நின்று பார்த்ததில்லை. மாடியில் குடியிருக்கும் அக்கா மட்டும் பார்த்தாள். அந்த இடத்தில் தன் ஸ்கூட்டருக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டால் எப்படி இருக்கும் என்று.

"பூ இருக்கறதே கண்ணுக்குத் தெரியல. காயும் கிடையாது. வெட்டிடலாம்டா" என்றாள்.

எனக்கு அந்தச் செடிமேல் பெரிய பாசமொன்றும் இருந்ததில்லை. ஆனால் அக்கா ஒன்றை வேண்டாம் என்றால் உடனே எனக்கு அது வேண்டும். தொட்டில் பழக்கம்.

செடிக்கு வக்காலத்து வாங்க ஏதாவது விஷயம் கிடைக்குமா என்றுதான் ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். அங்கே சுற்றிக் காட்டும் பெண்ணுக்கு அரை ஆள் உயரம், ஆறு ஆள் குரல். நேராக ஒரு புள்ளிச்செடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதைக் கொண்டுவந்தவர் ஒரு செடி வேட்டைக்காரர்."

"செடியை எதுக்கும்மா வேட்டையாடணும்? அது என்ன ஓடவா போகுது?"

"செடி ஓடாது சார். இவங்கதான் ஓடினாங்க. மலை மலையா, தீவு தீவா."

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பணக்காரர்களுக்குப் புதுச்செடி என்றால் பைத்தியம் என்றாள். அதற்காகவே கடல் தாண்டிப் போகிற ஆட்கள் இருந்தார்களாம். காய்ச்சல், அட்டை, கடற்கொள்ளை எல்லாவற்றையும் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்துக் கப்பலில் கொண்டுவருவார்கள். இந்த மனிதர் ஏதோ ஒரு தீவின் மலைச்சரிவில் இதைப் பார்த்தார். பொன் தூவிய இலை, கொத்துக் கொத்தாகச் செக்கச்செவேலென்று காய். சொக்கிப்போய்த் தோண்டி எடுத்தார். கப்பலில் குடிதண்ணீர் குறைந்தபோது தன் பங்கைச் செடிக்கு ஊற்றினாராம். (அக்காவிடம் சொல்லும்போது கண்ணீர் ஊற்றி வளர்த்தார் என்றேன். கதைக்கு அதுதான் எடுப்பு.)

செடி வந்து சேர்ந்தது, தழைத்தது. காய் மட்டும் வரவேயில்லை. "கொத்துக் கொத்தாகக் காய்த்தது, என் கண்ணால் பார்த்தேன்" என்று அவர் சொல்லச் சொல்ல ஊர் சிரித்தது. புளுகன் என்ற பெயரோடே செத்துப்போனார்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் புளுகன் பட்டத்தை உழைத்துச் சம்பாதித்தவன். உண்மையைச் சொன்ன ஒருவனுக்கு அதை ஓசியில் கட்டிவிடுவதா?

"காய் எங்கேம்மா போச்சு?"

"இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி சார். அவர் காயைப் பார்த்து மயங்கிப் பெண்ணை மட்டும் தூக்கிட்டு வந்துட்டார். அதோட கிளையை ஒடிச்சு ஒடிச்சு நட்டதுதான் ஊர் முழுக்க நிக்கறது. எல்லாமே அந்த ஒரே பொண்ணு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் ஒரே பெண்ணைத்தானா ஆயிரம் வாசலில் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்!

"மாப்பிள்ளை?"

"பின்னால இன்னொருத்தர் கொண்டுவந்தார். ஆனா அது வெறும் பச்சை, புள்ளியே இல்லை. லட்சணம் போதாதுன்னு யாரும் சீண்டல. எங்ககிட்ட இருந்ததும் பட்டுப்போச்சு. ஊர்ல எங்கேயாவது தப்பிச்சு நிக்கலாம்." ஆண் பூவில் நாலு மஞ்சள் பொட்டு இருக்கும், பெண் பூவில் நடுவே ஒரு பச்சைக் குமிழ் என்று அடையாளமும் சொல்லி அனுப்பினாள்.

அக்காவிடம் ஓடினேன். "காதுல பூ சுத்தாதே" என்றாள்.

"பூ இல்லக்கா, காய்! இந்தச் செடியிலேயே காட்டறேன்."

"சரி. குளிர் வர்றதுக்குள்ள ஒரே ஒரு சிவப்புக் காய் காட்டு, விட்டுடறேன். இல்லேன்னா வெல்டிங்காரர் வருவார்." சொன்னதோடு நிற்காமல் ஒரு கிளையில் நீல நூல் கட்டினாள். "இதை மட்டும் நீ தொடக்கூடாது. இதுல காய்க்காம மத்ததுல காய்ச்சாத்தான் கணக்கு. பாசி மணி ஒட்டி ஏமாத்தினே, தொலைச்சுடுவேன்."

கடைத் தக்காளியை என் தொட்டிச் செடியில் நூலால் கட்டி, "பார், காய்ச்சிருக்கு" என்று ஒருமுறை அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது.

செடி மொட்டு விட்டிருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒவ்வொரு ரூட்டாக பஸ் ஏறி, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, புள்ளியில்லாத பச்சைப் புதர் கண்ட இடத்திலெல்லாம் மூக்கை நுழைத்தேன். ஒரு வீட்டில் திருடன் என்றார்கள். இன்னொரு வீட்டில் வேலி வெட்ட வந்த ஆள் என்று நினைத்துக் கத்தரியைக் கையில் கொடுத்தார்கள். வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

கடைசியில் ஒரு பல் டாக்டர் வீட்டுப் பின்சுவருக்கு மேலே ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. உள்ளே போகலாமென்றால், நோயாளிகளுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். சரி, நோயாளி ஆனேன்.

"எங்க சார் வலி?" என்றார் டாக்டர்.

"அந்த ஜன்னல் பக்கம், டாக்டர்."

அவர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாயில் ஒரு சொத்தைக் கடைவாய்ப்பல் அகப்பட்டது. மாப்பிள்ளை பார்க்கப் போனவன் பல்லைக் கொடுத்துவிட்டு, வாயில் பஞ்சோடு, ஜன்னலைக் காட்டிக் காட்டி ஒரு கிளை கேட்டேன்.

"அதுவா? எதுக்கும் உதவாத செடி. வேணும்கறதை ஒடிச்சுக்கோங்க."

"உவவும் வாக்கர்!" என்றேன்.

பின்கட்டில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவிலும் நாலு மஞ்சள் பொட்டு! வீங்கிய கன்னத்தோடு நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவில் பஸ்ஸே நின்றுவிட்டது. அதில்தான் திரும்பினேன். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலும் ஜன்னலோர சீட்டும் கொடுத்து, நான் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் மாப்பிள்ளைப் பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவிலெல்லாம் தடவினேன். நீல நூல் கிளையை மட்டும் விட்டுவிட்டேன். மாடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"என்னடா, பூவுக்குப் பவுடர் போடறியா?"

"கல்யாணம் நடக்குது, சத்தம் போடாதே!"

பூ உதிர்ந்தது. காம்புகளில் பச்சையாகக் குட்டிக் குட்டி முடிச்சுகள். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் நான் தூங்குவதாக நினைத்து அவள் லென்ஸோடு இறங்கி வந்து செடியருகே குந்துவதைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. மழையில் பாதி முடிச்சுகள் விழுந்தன. மிச்சம் பச்சையாகவே அடம்பிடித்தன. குளிரும் வந்துவிட்டது. அக்கா சொன்னபடி வெல்டிங்காரரை வரச் சொல்லிவிட்டாள்.

அவர் அளவு டேப்போடு வந்து நின்ற காலையில், இலைகளுக்கு நடுவே காய்கள் சிவந்திருந்தன.

அக்கா கிட்டே வந்து குனிந்தாள். ஒரு காயை இழுத்துப் பார்த்தாள், பசை இருக்கிறதா என்று. முகர்ந்தாள். பிளேடால் இரண்டாக அறுத்தாள். உள்ளே ஈரமாக ஒரு விதை. நீல நூல் கிளையை இலை இலையாகப் புரட்டினாள். அதில் ஒன்றுமில்லை.

வெல்டிங்காரர் பொறுமையிழந்தார். "வெட்டிடலாமாம்மா? இது என்ன, பிளாஸ்டிக் மணியா? எங்க வீட்டுலயும் இந்தச் செடிதான். இது காய்க்கவே காய்க்காது." பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சார் வேலையா?"

நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஆயிரம் காய்..." என்று ஆரம்பித்தேன்.

"பதினொண்ணு" என்று குறுக்கே வந்தாள் அக்கா. "ஒண்ணை நான் அறுத்துட்டேன், மிச்சம் பத்து." பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "பிளாஸ்டிக் இல்லப்பா. அன்னைக்கு இதைக் கப்பல்ல கொண்டுவந்த ஆளும் பொய் சொல்லல, இன்னைக்கு இவனும் சொல்லல. நிஜமாவே காய்ச்சிருக்கு."