பெல்ட் நகரும் முன்

1
முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதை எனக்கு எடுத்த டிரெட்மில் பரிசோதனையில் பிறந்தது. பெல்ட் நகரவே இல்லை, அதற்குள் என் இதயம் நிமிடத்துக்கு நூற்றுப் பத்து அடித்தது. வெட்கமாகப் போய்விட்டது. அந்த இதயத்தைத் தூக்கி வேணுகோபாலுக்குப் பொருத்திவிட்டேன்.

2
சின்ன காஞ்சிபுரத்தில் வேணுகோபால் அதிகாலையில் எழுந்து [அடித்துவிட்டேன். எல்லாக் கதையிலும் இப்படித்தான் எழுந்து தொலைக்கிறார்கள்.]

வேணுகோபாலுக்கு வயது ஐம்பத்து நான்கு. கருட சேவையில் வரதரைச் சுமக்கும் தண்டில், முன்வரிசை இடப்பக்கம், இருபத்தெட்டு வருடமாக அவர் தோள்தான். ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்த வருடம் டாக்டர் சீட்டு கொண்டுவர வேண்டுமாம். நாளை மறுநாள் சேவை. சீட்டு இல்லையென்றால் இடம் தர்மனுக்கு. அவன் இப்போதே தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிகிறான்.

3
டாக்டர் தீபிகா அவர் மார்பில் வயர்களை ஒட்டி, பெல்ட்டின் மேல் நிற்கவைத்து, "ரெடியா?" என்றார்.

வேணுகோபால் துண்டை மடித்துத் தோளில் போட்டார். திரையில் எழுபத்தெட்டாக இருந்த துடிப்பு நூற்றுப் பதினெட்டாயிற்று.

"இன்னும் ஒரு அடி கூட வைக்கலியே ஐயா, ஏன் இப்படி ஓடுது?"

"நீதானம்மா ரெடியான்னு கேட்ட? சேவையில அந்த வார்த்தைக்கு அப்பால பெருமாள் தோள்மேல இருப்பாரு. நெஞ்சு இன்னா, உன் மெஷின கேட்டுக்கினா இருக்கும்?"

4
[படித்ததைக் காட்டிக்கொள்ளாவிட்டால் படித்தது வீண். காலுக்கு 'நட' என்று சொல்லும்போதே மூளை இதயத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறது. இதயத்தை இழுத்துப் பிடிக்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தைத் தளர்த்தும். வேறு நரம்புகள் விரட்டும். வயிற்றுக்குப் போகும் ரத்தம் தொடைக்குத் திரும்பும். தசைகள் மேலே நிலவரம் அனுப்பும். கழுத்தில் ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்புகள்கூட, இன்று கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டுக்கொடுக்கும். எந்த அலுவலகத்திலும் கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.]

5
பெல்ட் ஓடியது. ஒன்பது நிமிடம் நடந்தார். ஈசிஜி தாளில் ஓரிடத்தில் கோடு லேசாகத் தாழ்ந்திருந்தது. அது நோயா, துண்டு வயரில் உரசியதா? தீபிகாவுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

முடிவு ஒன்று: சீட்டில் தீபிகாவின் கையெழுத்து. அவர் தூக்குகிறார். மாடவீதித் திருப்பத்தில் திடீரென்று [வேண்டாம். இந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.]

முடிவு இரண்டு: தர்மன் தூக்குகிறான். வேணுகோபால் மனைவி காந்தாவோடு கூட்டத்தில் நிற்கிறார். "ரெடியா?" என்று குரல் வருகிறது. தோளில் துண்டு மட்டும். நெஞ்சில் நூற்றுப் பதினெட்டு. தொடைக்கு வந்து சேர்ந்த ரத்தத்துக்கு அங்கே வேலை இல்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தாங்கவில்லை.

"எதுனா ஒண்ணு எழுதிடும்மா," என்கிறார் வேணுகோபால்.

தீபிகா என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். பேனாவின் மூடியைக் கழற்றிவைத்திருக்கிறேன், பிடியுங்கள்.

ரெடியா?