இனிப்பைத் தொடாத கரப்பான்கள்

பூச்சி ஒழிப்புக் கம்பெனி முதலாளி கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கரப்பான் பெருகிவிட்டது; மூன்று மாதமாக அங்கே மருந்து வைக்காமல் ஏமாற்றினேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் மன்னிப்பு. போடாவிட்டால் வேலை காலி.

பன்னிரண்டு வருடமாகக் கரப்பான் பூச்சியோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். பாச்சை என்றால் கரப்பான்; கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் பாச்சாக்கா. அடுப்புக்கு அடியில் படுத்து, குழாய்க்குப் பின்னால் கையை விட்டு, பொட்டுப் பொட்டாகப் பசை மருந்து வைத்தவளைப் பார்த்து ஏமாற்றுக்காரி என்றால் வயிறு எரியுமா எரியாதா?

பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே அந்தச் சமையலறையில் பிடித்த இருபது கரப்பான்கள். ஒரு பக்கம் கம்பெனியின் இனிப்புப் பசையையும் மறுபக்கம் நனைத்த ரொட்டியையும் போட்டாள். பூச்சிகள் பசையில் வாய் வைத்த வேகத்திலேயே பின்வாங்கின. பிறகு எல்லாம் ரொட்டியை மொய்த்தன.

"ரெண்டு நாளா பட்டினி போட்டதுங்க இதுங்க," என்றாள்.

"அப்போ பூச்சிக்குப் புத்தி வந்துடுச்சுன்னு சொல்றியா?"

"புத்தியும் இல்ல, பழக்கமும் இல்ல. எங்கயோ ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே இனிப்பு கசக்குற நாக்கோட பொறக்கும். நாம இனிப்புல விஷத்த வச்சோம். தின்னதெல்லாம் செத்துச்சு. தின்னாதது முட்டை வச்சுச்சு. எட்டு வருஷமா ஒரே மருந்து. இப்ப அங்க இருக்குறது பூரா அதோட வம்சம்."

பூச்சி கூடினால் மருந்துப் பொட்டை இரண்டாக்கு என்பதுதான் கம்பெனி வழக்கம். அவளும் இரண்டாக்கினாள், நான்காக்கினாள். கசக்கும் நாக்குக்காரர்களுக்குப் போட்டியே இல்லாமல் பண்ணிக்கொடுத்தது இந்தக் கைதான் என்று நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மருந்தை மாற்றச் சொல்லிப் போன வருடம் கூட வேலை செய்த ஒரு பெரியவர் வாயைத் திறந்தார், வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் ஸ்ப்ரே அடிக்கிற ஒருவரையும் அப்படித்தான் அனுப்பினார்கள். இரண்டு முறையும் முதலாளி சொன்னதற்கு இவள் தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

"குடோன் நிறைய அந்த மருந்துதான் கிடக்கு. மருந்துல குறையில்ல, வச்ச கையிலதான் குறை. என்னப்பா?" என்று முதலாளி கதவோரம் நின்ற நான்கு வேலையாட்களைக் கேட்டார்.

நாலு தலையும் ஆடின.

அவளுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. இவர்களுக்கு யாரும் தலையாட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆட்டாதவர்களை முதலாளி ஒவ்வொருவராக அனுப்பிவிட்டார், மிச்சம் இவர்கள். நேற்றுவரை ஐந்தாவது தலை அவளுடையது. பன்னிரண்டு வருடம் வேலையில் நிலைத்ததைத் திறமை என்று நினைத்திருந்தாளே, அதுதான் தாங்கவில்லை.

"நான் கையெழுத்துப் போடல," என்றாள். ஜாடியின் மூடியைக் கழற்றி மேஜைமேல் அப்படியே சாய்த்தாள். "இதெல்லாம் நீங்க வளர்த்ததுங்க. நீங்களே வச்சுக்கோங்க."

அவள் வாசலைத் தாண்டும்போது முதலாளி நாற்காலிமேல் ஏறி நின்று மருந்தைக் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நாலு பேரும் குடோனுக்கு ஓடி, ஆளுக்கொரு டப்பா இனிப்புப் பசையோடு திரும்பி வந்தார்கள்.