மலர்கொடி எடுத்துவந்த சிப்பிகள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஜானகி டீச்சர். திருமானூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ஸ்டாப் வந்து இறங்கிவிட்டார். மிச்சத்தை நான் எழுதித் தொலைக்க வேண்டும்.

2

‘1979. மழை விட்ட காலை. ஓடையில் தண்ணீர் சலசலவென்று—’

(அடித்துவிட்டேன். மழை முக்கியம்தான், ஓடைக்கரையை அறுத்ததே அதுதான். ஆனால் அதை இப்படி அழகாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

3

இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல். ஓடையில் இறங்கினால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும். ஆளுக்கொன்று எடுத்துவரச் சொல்லியிருந்தார் டீச்சர். மூன்றாம் வகுப்பு மலர்கொடி இரண்டு எடுத்துவந்தாள். மெல்லிசாக, உட்குழிந்து, ஓரத்தில் பொடிப் பல்லோடு இருந்தன.

“அபூர்வமா இருக்கே!” என்று மேசையில் வைத்துக்கொண்டார் டீச்சர். அவர் வெளியூர்க்காரர்.

4

அன்றைய பாடம் தலை. சுவரில் படம்.

“மண்டை ஓடு ஒரே எலும்பு இல்ல. பல எலும்பு, பல்லும் பல்லும் கோத்த மாதிரி சேந்திருக்கும். கைக்கொழந்தைக்கு இன்னும் சேந்திருக்காது. அதான் உச்சி மெத்துனு இருக்கு.”

எல்லோரும் தலையைத் தடவிப் பார்த்தார்கள்.

மலர்கொடி எழுந்தாள். “எங்க தங்கச்சிக்கு உச்சி துடிக்கும் டீச்சர். தொட்டுப் பாத்திருக்கேன்.”

“பாப்பா வூட்டுல இருக்கா?”

“காச்ச வந்துச்சு. உடையார்பாளையத்துல சித்தி வூட்டுல வுட்டிருக்குன்னு அம்மா சொன்னுச்சு. போன பொங்கலுக்கு வரல. இந்தப் பொங்கலுக்கு வந்துரும்.”

டீச்சர் படத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார்.

“இத எங்க எடுத்தே?”

“எங்க வூட்டுக்குப் பின்னாடி. கரை இடிஞ்சிருக்குல்ல, அங்க.”

5

(இறந்த கைக்குழந்தையை அங்கே எரிப்பதில்லை, வீட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்துவிடுவார்கள். டீச்சர் இதைச் சொன்னபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.)

6

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவு: அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு, தாய் கொளஞ்சியம்மாளைத் தேடி டீச்சர்— (அந்த வாசலைத் தாண்டி என் பேனா போக மறுக்கிறது.)

இன்னொன்று: “கை தவறி உடைஞ்சிருச்சும்மா” என்று டீச்சர்— (ஏற்கெனவே ஒரு பொய்யை நம்பித்தான் அந்தப் பிள்ளை காத்திருக்கிறாள்.)

7

டீச்சர் இறங்குவதற்கு முன் சொன்னது இவ்வளவுதான். மணி அடித்தது. மலர்கொடி மேசையருகே வந்து கை நீட்டினாள்.

“சிப்பியக் குடுங்க டீச்சர். தங்கச்சி வந்தா வெளையாடக் குடுப்பேன்.”

கை நீட்டியபடியே நிற்கிறாள். என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.